பொட்டிச் சாவி என்கிட்டத்தான்

உக்காருங்க, உக்காருங்க. நமக்கு முன்னால இன்னும் ரண்டு போனு இருக்குது. இந்த அம்மிணி ஒண்ணொண்ணாத்தான் பாக்கும். அவசரப்படுத்துனா கையில இருக்கற ஸ்குரூ டிரைவரக் கீழ வெச்சுப்போட்டு மொறைக்கும். திருப்பூருக்குள்ள நாலு சர்வீஸ் கடை பாத்துட்டேன், இதுதான் கொஞ்சம் தொழில் தெரிஞ்ச கடைன்னு சொன்னாங்க. உங்களுதுக்கு என்னங்க? கண்ணாடி போச்சா? வண்டி ஓட்டிட்டே பேசுனீங்களோ? அட, கோவிச்சுக்காதீங்க. சும்மா கேட்டேன். எனக்கு இந்த செல்போனக் கண்டாலே பத்திக்கிட்டு வருமுங்க.

என்ற பேரு சென்னியப்பன். மங்கலம் ரோட்டுல ஒரு பனியன் கம்பெனியில புளோர் சூப்பர்வைசரா இருக்கறேன். பத்தொம்பது வருசமா அதே கம்பெனி. கட்டிங், தையலு, செக்கிங், அயனிங் எல்லாம் ஒரே ஷெட்டுக்குள்ள. எழுவது பேரு. எழுவது பேருக்கும் ஆளுக்கொரு போனு. தையக்காரன் நூல் கோன் மேல போனச் சாத்தி வெச்சுட்டு சீரியல் பாத்துட்டே தைப்பான். செக்கிங் பொம்பளைங்க முடிக்குள்ள ஒயர ஒளிச்சு வெச்சுட்டு பேசுவாங்க. அயன்காரன் கிரிக்கெட்டு பாத்துட்டே அயன் பொட்டிய வெள்ளச் சட்டை மேல வெச்சு மறந்துபோயிட்டான், முக்கோணமா கருகிப்போச்சு. நான் கத்துனா, 'சரிங்ணா, சரிங்ணா'ம்பாங்க. அந்தப் பக்கம் போனா மறுக்கா அதேதான்.

சரி, அதெல்லாம் எல்லாக் கம்பெனியிலயும் இருக்கறதுதான். அதுக்காக ஒண்ணும் நான் போனப் பூட்டற பொட்டி வெக்கலீங்க. நீங்க யாரோ நான் யாரோ, உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும்? மகுடேஸ்வரனுக்காகத்தான் வெச்சேன்.

மகுடேஸ்வரன் எங்க கட்டிங் மாஸ்டர். துணிய எண்பது அடுக்கு டேபிள் மேல விரிச்சு, மேல பேட்டர்ன் அட்டைய வெச்சு, மிசின்ல ஒரே வெட்டா வெட்டுவான். கை சுத்தமுங்க, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவன் வெட்டுனாத்தான் மத்தவங்களுக்கு வேலை. என்னைவிடப் பத்து வயசு சின்னவன். ஆனா புளோர்ல 'மாஸ்டர், மாஸ்டர்'னு அவனுக்குத்தான் மரியாதி. டீ வந்தா அவன் டேபிள்லதான் கூட்டம். லொள்ளு புடிச்ச பேச்சு. எல்லாத்தையும் சிரிக்க வெச்சுப்போடுவான்.

போன வருசம் ஆயுத பூசை. மிசினெல்லாம் கழுவி, சந்தனம் வெச்சு, பொரி கடலை எல்லாம் பரப்பி வெச்சிருக்குது. மொதலாளி, மொதலாளியம்மா, அவங்க பேரம்பேத்தி எல்லாம் வந்திருக்கறாங்க. திருஷ்டிப் பூசணிக்கா உடைக்கறது வருசா வருசம் நான்தான். பட்டு வேட்டி கட்டி, கேட்டு முன்னால நின்னு, மூணு சுத்து சுத்தி, ஓங்கி ஒரு போடு போட்டேன். காய் செதறுச்சு. திரும்பி ஒரு எட்டு வெச்சனுங்க, குங்குமத்துல நனைஞ்ச அந்தச் சதை மேலயே கால் பட்டுப்போச்சு. நான் ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். பட்டாப்பட்டி டவுசரோட கெடக்கறேன். சரி, உழுந்துட்டேன். யாருதான் உழுகல? ஒரு ஆளு கையக் குடுத்துத் தூக்கிவிட்டா முடிஞ்சுபோச்சு.

மகுடேஸ்வரன் தூக்கலீங்க. படம் புடிச்சான்.

அன்னிக்குப் பொழுதோட அவன்ற ஸ்டேட்டஸ்ல ஓடுது. மெதுவா உழுகற மாதிரி ஆக்கி, பின்னால மேளச் சத்தம் வேற சேத்திருக்கறான். அது பத்தாதுன்னு, வாயப் பொளந்துட்டு நான் கெடக்கற மூஞ்சிய மட்டும் வெட்டி ஸ்டிக்கர் பண்ணிப்போட்டான். எங்க புளோர் குரூப்புல அதுக்கப்பறம் யாரும் 'ஓகே'ன்னு எழுதறதில்லீங்க. நான் 'நாளைக்கு எட்டு மணிக்கு எல்லாரும் வந்தரோணும்'னு போடுவேன். கீழ வரிசையா என்ற மூஞ்சி வந்து உழுகும். நாப்பது மூஞ்சி.

காங்கயத்துல என்ற புள்ளைய குடுத்த ஊட்டுல, சம்பந்தி கேக்கறாரு. 'ஏனுங் சம்பந்தி, அடி பலமோ?'ன்னு. சிரிப்ப அடக்கிட்டு கேக்கறாருங்க. அது காங்கயம் வரைக்கும் போயிருக்குது! அன்னிக்கே குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். மகுடேஸ்வரன் வந்து, 'அண்ணா, வெளையாட்டுக்குப் பண்ணுனது, மனசுல வெச்சுக்காதீங்க, அழிச்சுப்போட்டேன்'னான். கம்முனு சிரிச்சேன். உள்ளுக்குள்ள, 'இருடா, உன்னைய இந்த போன வெச்சே கவுக்கறேன்'னு சொல்லிக்கிட்டேன். சத்தியமா சொல்றனுங்க, அந்த வார்த்தைதான் சொல்லிக்கிட்டேன்.

நாலு மாசம் காத்திருந்தேன். அவசரப்பட மாட்டேன் நான்.

தை மாசம் ஓவர்லாக் மிசின் ஓட்டற ஒரு புள்ள ரீல்ஸ் பாத்துட்டே தெச்சு, ஊசிய வெரல்லயே ஏத்திக்கிச்சு. ரத்தம். பாவந்தானுங்க, யாரு இல்லைன்னா? ஆனா எனக்கு அதைவிட நல்ல சமயம் எப்ப வரும்? அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டு நேரா மொதலாளி ரூமுக்குப் போனேன். 'உயிருக்கே ஆபத்துங்க மொதலாளி, உள்ள வரும்போதே போன வாங்கி வெச்சரலாமுங்க'ன்னேன். அவரும், 'சரி சென்னியப்பா, நீயே பாத்துப் பண்ணு'ன்னுட்டாரு. நீயே பாத்துப் பண்ணு. அந்த மூணு வார்த்தை எனக்குப் போதுமுங்க.

வெல்டிங் பட்டறையில சொல்லி இரும்புல ஒரு பொட்டி பண்ணுனேன். எழுவது கண்ணறை. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் பெயிண்ட்ல எழுதி, முன்னால ஒரே கதவு, ஒரே பூட்டு. சாவி என்ற இடுப்புல. பொட்டி என்ற டேபிளுக்குப் பக்கத்துலயே. மேல் வரிசைய பொம்பளைங்களுக்குக் குடுத்தேன், நடு வரிசை தையக்காரங்களுக்கு. மகுடேஸ்வரனுக்கு அடி வரிசை, கடைசிக் கண்ணறை. தெனமும் காலையில என்ற முன்னால அவன் குனியோணும். ஆறடி ஆளு, நல்லாக் குனியோணும். அவன் குனிஞ்சு வெக்கற வரைக்கும் நான் டீயக் குடிச்சுட்டே பாத்துட்டு இருப்பேன். அந்த டீ ருசி இருக்குது பாருங்க!

வந்து கேட்டானுங்க அவன். 'அண்ணா, மெர்ச்சண்டைசர் ஆபீஸ் அவினாசி ரோட்டுல இருக்குது. அளவு மாத்தம், பேட்டர்ன் மாத்தம் எல்லாம் வாட்ஸ்அப்லதான் அனுப்பறாங்க. என்ற போன் வேலை போனுங்ணா, அது மட்டும் டேபிள்ல இருக்கட்டும்'னான். ரூல்னா எல்லாருக்கும் ரூல்னேன். 'அப்ப உங்க கையில இருக்குதே'ன்னான். எத்தனை எகத்தாளம் பாருங்க! நான் சூப்பர்வைசர். என்ற போன் வேலை போனு.

ஊட்டுலயும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். பழைய மிச்சர் டப்பா ஒண்ணு இருந்துச்சு. பொழுதோட நான் ஊட்டுக்குள்ள வந்தா என்ற ஊட்டுக்காரி போனு அந்த டப்பாவுக்குள்ள போயிரோணும். முன்னெல்லாம் சோறு போட்டுட்டே புள்ளைகிட்ட பேசிட்டிருப்பா. காங்கயத்துல இருந்து தெனமும் ஏழரைக்கு அது கூப்புடும். பேத்தி ரண்டு வார்த்தை கொழறும், ஸ்பீக்கர்ல போடுவா, நானும் ரண்டு வார்த்தை பேசுவேன். அதெல்லாம் கட். சாப்புடற நேரம் சாப்புடோணும். கணக்கா இருந்தாத்தானே குடும்பம்?

இப்ப விசயத்துக்கு வர்றேன். மாசி மாசம், ஒரு வெசாழக்கெழமை. சின்னப் பசங்க போடற டீ சர்ட்டு ஆர்டரு, ஒம்பதாயிரம் பீஸு. காலையில ஒம்பது மணிக்கு மகுடேஸ்வரன் துணிய விரிச்சு வெட்ட ஆரம்பிச்சுட்டான். ஒம்பதேகாலுக்கு பொட்டிக்குள்ள ஒரு போனு அடிக்குது. இரும்புப் பொட்டி பாருங்க, உறுமும். அடி வரிசை, கடைசிக் கண்ணறை. அவனுது. அடிச்சு நிக்குது, மறுக்கா அடிக்குது. எனக்கு அதைக் கேக்கக் கேக்க என்னமோ காவடி எடுக்கற மாதிரி ஒரு சந்தோசம். அடிடா, நல்லா அடி.

வந்தான். 'அண்ணா, விடாம அடிக்குதுங்க, ஒருக்கா தொறங்க, யாருன்னு பாத்துட்டு வெச்சர்றேன்'னான். டீ டைம்ல பாத்துக்கலாம்னேன். போயிட்டான். பத்து மணிக்கு மறுக்கா வந்தான். 'அண்ணா, வேலை விசயமா இருக்குமுங்ணா, சாவிய மட்டும் குடுங்க.' கைய நீட்டிட்டு நின்னானுங்க. அந்தக் கை இருக்குதே, அந்தக் கைதான் என்னைய படம் புடிச்ச கை. 'போயி மிசினப் பாரு மாஸ்டரே'ன்னேன். புளோர் பூராவும் தலையத் தூக்கிப் பாத்துச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு.

அந்தச் சந்தோசத்த யாருகிட்டயாவது சொல்லோணுமில்லீங்க? என்ற மச்சான் தாராபுரத்துல இருக்கறான், அவனுக்குப் போட்டேன். மகுடேஸ்வரன் கைய நீட்டுனது, நான் சொன்னது, எல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். முக்கா மணி நேரம் பேசியிருப்பேன். நடுவுல வேற யாரோ கூப்புடற சத்தம் டொக்கு டொக்குன்னு வந்துட்டே இருந்துச்சு. யாரு எடுக்கறா? நல்ல பேச்சு நடுவுல. அப்பறமும் யாருன்னு பாக்கல.

பதினொண்ணே முக்காலுக்கு மெர்ச்சண்டைசர் புள்ள கீர்த்தனா ஸ்கூட்டில வந்து எறங்குச்சு. ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம உள்ள ஓடியாருது. 'மாஸ்டர், நிறுத்துங்க, நிறுத்துங்க!'ன்னு. மிசின் நின்னுச்சு. ஆர்டர் குடுத்த பையர் அளவ மாத்திட்டானாமுங்க. நீளம் ரண்டு சென்டிமீட்டர் கூட்டச் சொல்லி காலையில மெயில் வந்திருக்குது. அந்தப் புள்ள குரூப்புல போட்டிருக்குது. குரூப்புல இருக்கறவங்க போனெல்லாம் பொட்டிக்குள்ள. கையில போன் வெச்சிருந்த ஆளு நான் ஒருத்தன், நான்தான் குரூப்புல இல்லியே. மகுடேஸ்வரனுக்கு பதினேழு தடவ கூப்பிட்டிருக்குது. எனக்கு ஒம்பது தடவ. என்ற லைன் பிசி. ஆபீஸ்ல இருந்து டிராபிக்கத் தாண்டி அது வந்து சேர்றதுக்குள்ள அநேகமா ஒம்பதாயிரமும் வெட்டி முடிஞ்சுது.

நீளமா வெட்டுனாலும் கத்தரிச்சுக்கலாம். கட்டையா வெட்டுன துணிய இழுக்க முடியுமுங்களா?

ஒரு மணிக்கு மொதலாளி வந்தாரு. கட்டிங் டேபிளச் சுத்தி எல்லாரும் நிக்கறோம். எங்க தொழில்ல ஒரு வழக்கமுங்க, தப்பா வெட்டுனா வெட்டுன மாஸ்டரத்தான் கேப்பாங்க. யாரு அட்டை குடுத்தா, யாரு துணி குடுத்தா, அதெல்லாம் அப்பறம். அவரும் அவனத்தான் கேட்டாரு. 'போன் இத்தனை தடவ அடிச்சிருக்குது, உனக்குத் தெரியலியா மகுடேஸ்வரா?' அவன் சொன்னான், 'தெரிஞ்சுதுங்க. அண்ணங்கிட்ட ரண்டு தடவ சாவி கேட்டனுங்க.'

மொதலாளி என்ற பக்கம் திரும்புனாரு. 'ஏன் சென்னியப்பா, கேட்டானா?'

கேட்டான், கேக்காம என்ன. எழுவது பேரும் பாத்திருக்கறாங்க. ஆனா ஒண்ணு நெனச்சுப் பாருங்க. இதுக்குத்தானே நான் நாலு மாசம் காத்திருந்தேன்? தானா வந்து கையில உழுகறப்ப விடச் சொல்றீங்களா? 'இல்லீங்க மொதலாளி, யாரும் கேக்கல'ன்னேன். குரல் கொஞ்சங்கூட நடுங்கலீங்க.

மகுடேஸ்வரன் என்னையப் பாத்தான். சண்டைக்கு வருவான்னு நெனச்சேன், வந்தா இன்னும் நல்லதுன்னு இருந்தேன். கழுத்துல இருந்த டேப்ப எடுத்தான், சுருட்டுனான், டேபிள் மேல வெச்சான். 'அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க'ன்னான். அப்பறம் என்ற பொட்டிகிட்ட வந்து நின்னு, 'போனக் குடுத்தீங்கன்னா நான் கெளம்பறனுங்ணா'ன்னான். சாவி என்கிட்டத்தானே இருக்குது? நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். எனக்கு முட்டி வலி வேற. எந்திரிக்கறப்ப எவனாவது ஒரு கை புடிப்பான்னு பாத்தேன். ஒருத்தனும் வரல.

அவ்வளவுதானுங்க. கணக்கு தீந்துபோச்சு. ஜெயிச்சுட்டேன்.

இப்ப எங்க புளோரு எப்படி இருக்குது தெரியுமுங்களா? குண்டூசி உழுந்தாக் கேக்கும். காலையில நான் ஒரு வார்த்தை சொல்றதில்ல, வரிசையா வந்து போன வெக்கறாங்க, போறாங்க. மூஞ்சியக்கூட நிமுத்திப் பாக்கறதில்ல. நான் பக்கத்துல போனா பேச்சு டக்குன்னு நின்னுருது. டீ டைம்ல நான் பெஞ்சுல உக்காந்தா எல்லாரும் எந்திரிச்சு வேலைக்குப் போயிர்றாங்க. அத்தனை ஒழுங்கு! முன்னெல்லாம் செக்கிங் பொம்பளைங்க சோத்து நேரத்துல ஒரு கரண்டி கொழம்பு கொண்டாந்து வெப்பாங்க. இப்ப அதுவும் இல்ல. நல்லதுதானுங்க, எனக்கு பிரசர் இருக்குது, அவங்க கொழம்புல உப்பு சாஸ்தி. பன்னெண்டு பேரு வேலைய விட்டே போயிட்டாங்க. போறவங்க போகட்டும். அந்த மகுடேஸ்வரன் இப்ப பெருமாநல்லூர்ல ஒரு கம்பெனியில மாஸ்டரா இருக்கறானாம், அங்கதான் போயிருக்கறாங்க.

அங்கயும் அவன் நிம்மதியா இருக்கக் கூடாதுங்க. அந்தக் கம்பெனி மேனேஜரு எனக்குப் பழக்கம். அவன் இங்க என்ன பண்ணிப்போட்டு வந்தான்னு சொல்லி வெக்கலாம்னு மூணு நாளாக் கூப்புடறேன். ரிங் போகுது, எடுக்க மாட்டீங்கறாரு. அப்பத்தான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. சரி, நம்ம போன்லதான் கோளாறு இருக்குதுன்னு.

ஆமாங்க, அதுக்குத்தான் வந்திருக்கறேன். கண்ணாடி எல்லாம் நல்லாத்தான் இருக்குது. போன் வர்றதில்லீங்க. ஒண்ணு ரண்டு நாளு இல்ல, ரண்டு மாசமாச்சு. ஒரு போன் வரல. பாங்கிக்காரன், லோனு வேணுமான்னு கேக்கற புள்ள, அவங்க மட்டுந்தான் வர்றாங்க. குரூப்புல மறுக்கா சேத்துவிடச் சொல்லி அஞ்சாறு பேருக்கு மெசேஜ் போட்டேன். போயிருக்குதுன்னு காட்டுது, பதில் வரல. மச்சானுக்குப் போட்டா பிசி, பிசி. என்ற ஊட்டுக்காரி போன எடுத்துப் பாத்தேன். தெனமும் பதினோரு மணிக்கு காங்கயத்துல இருந்து புள்ள கூப்பிட்டிருக்குது. நான் வேலையில இருக்கற நேரத்துல. தெனமும், ஒரு நாள் விடாம, அரை மணி நேரம். ஒரே ஊடு, ஒரே டவரு, ஒரே கம்பெனி சிம்மு. அவளுக்கு வருது, எனக்கு வரமாட்டீங்குது. அப்ப கோளாறு எதுலங்க இருக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

இருங்க, அம்மிணி கூப்புடுது. என்னாச்சு அம்மிணி, பாத்துட்டியா?

என்ன, ஒண்ணுமில்லியா? நல்லாப் பாத்தியா? உள்ள தொறந்து பாத்தியா? சரி, உன்ற போன்ல இருந்து கூப்புடு பாக்கலாம். ம். வருது. வருதுதான். மறுக்கா ஒருக்கா கூப்புடு. ம்.

சரி அம்மிணி, நீ கூப்பிட்டா வருது. மத்தவங்க கூப்பிட்டாலும் வரோணுமில்ல?

என்னங்க சொல்லுச்சு அது? எனக்குச் சரியாக் கேக்கல. 'கூப்பிட்டா வருமுங்ணா'வா? இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் உக்கார வெச்சுச்சா? பாருங்க, சிரிக்கக்கூட இல்ல, அடுத்த போன எடுத்துத் தொறந்துட்டு உக்காந்திருக்குது. எனக்குத் தெரியுமுங்க. இதெல்லாம் அந்த மகுடேஸ்வரன் வேலை. அவனுக்கு போன்ல எல்லா வித்தையும் தெரியும், தூரத்துல இருந்தே என்னமோ பண்ணிப்போட்டான். விட மாட்டேன் அவன. நீங்க இந்த ஊருதானுங்களே, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் இதைவிட நல்லாப் பாக்கற கடை ஏதாச்சும் இருக்குதுங்களா?